மகேந்திரலால் சர்க்காரும் காசிப்பூர் நோயாளியும்

கல்கத்தாவில் வாழும் தமிழர்களுள், சர் சி. வி. இராமன் டிராம் வண்டியிலிருந்து இறங்கிய கதையை அறியாதவர் அரியர். 1907ஆம் ஆண்டில் கணக்குத் துறையில் உத்தியோகம் ஏற்று இந்நகருக்கு வந்த அந்தப் பதினெட்டு வயது இளைஞர், பௌபஜார் வீதியில் 210ஆம் எண் கட்டடத்தின் முகப்பில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்ற பெயர்ப்பலகையைக் கண்டார், வண்டியினின்றும் இறங்கினார், கதவைத் தட்டினார். 1928இல் உலகறிந்த இராமன் விளைவு அந்தக் கட்டடத்திலேதான் கண்டறியப்பட்டது. வத்திராயிருப்பிலிருந்து வந்த கே. எஸ். கிருஷ்ணனும் அங்கேயே அவருக்குத் துணையாக உழைத்தார். இக்கதையை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். ஆனால் அதன் முற்பகுதியை மட்டும் விட்டுவிடுகிறோம். கதவு ஒன்று இருந்தமையால் அன்றோ இராமன் அதனைத் தட்ட முடிந்தது? அந்தச் சங்கத்தை 1876இல் நிறுவியவர் பௌதிக ஆசிரியர் அல்லர். வீடு வீடாகச் சென்று நாடி பார்த்த ஒரு வைத்தியர். அவர் பெயர் மகேந்திரலால் சர்க்கார். இராமன் வந்தபோது அவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இளைஞரை வரவேற்றவர் அவருடைய மைந்தர் அமிர்தலால் சர்க்கார்.

நாம் இங்குக் கூறவிருப்பது விஞ்ஞானச் சங்கத்தின் வரலாறு அன்று. அந்த வைத்தியர் 1885ஆம் ஆண்டின் இறுதியிலும் 1886ஆம் ஆண்டிலும் பார்த்துவந்த ஒரு நோயாளியைப் பற்றியே கூறவிருக்கிறோம். நோயாளிக்கு வந்தது தொண்டைப் புற்றுநோய். அந்நோயை அறிந்த வைத்தியர் அதனை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்னும் கேள்வி நம் ஒவ்வொருவர் வீட்டு வாயிலிலும் என்றேனும் ஒரு நாள் வந்து நிற்கக்கூடியது. வங்காளத்தில் பெரிதும் ஆராயப்பெற்ற ஒரு நோயாளியின் வரலாற்றில் இக்கேள்வி எவ்வாறு கையாளப்பட்டது என்று பார்ப்பது பயனுடையது.

மகேந்திரலால் 1833இல் ஹௌரா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1863இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தைப் பெற்றார். அப்பட்டத்தைப் பெற்றவர்களுள் அவர் இரண்டாமவர். ஆங்கில வைத்தியத்தில் அவருக்கு இருந்த செல்வாக்கைக் கண்டு, பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளை அவரைத் தன் நிர்வாகிகளுள் ஒருவராக்கிக்கொண்டது. தொடக்கத்தில் ஹோமியோபதியைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். இராஜேந்திரலால் தத்தர் என்னும் ஹோமியோபதி அன்பர் குணப்படுத்திய நோயாளிகளை நேரில் கண்ட பின்னர் அவர் மனம் மாறியது. 1867 பிப்ரவரியில், தாம் நிர்வாகியாக இருந்த அதே சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து, அம்மாற்றத்தை ஒளிக்காமல் அறிவித்தார். அன்று முதல் சக வைத்தியர்கள் அவரை விலக்கிவைத்தனர், நோயாளிகளும் குறைந்தனர். ஹோமியோபதி சரியா தவறா என்பது வேறு விவகாரம். இன்றைய விஞ்ஞானம் அதனை ஏற்கவில்லை. நாம் கவனிக்க வேண்டியது, தமக்கு உண்மை என்று பட்டதை வருவாய் போயினும் சொல்லிவிடும் அவருடைய இயல்பை. அத்தகைய மனிதர் ஒரு மரண நோயாளியின் படுக்கை அருகே எவ்வாறு நடந்துகொண்டார்?

நோயாளி, தட்சிணேசுவரத்து ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸர். 1885ஆம் ஆண்டின் கோடையில் அவருக்குத் தொண்டையில் வலி கண்டது. ஓயாது பேசுவதால் வரும் தொண்டை வீக்கம் என்றே முதலில் கருதப்பட்டது. பேச்சைக் குறைக்கும்படி வைத்தியர்கள் கூறினர். பேச்சே தொழிலாகவும் தவமாகவும் கொண்டிருந்தவரிடம் அந்த மருந்து செல்லவில்லை. சில மாதங்களில் தொண்டையிலிருந்து இரத்தம் வந்தது.

இரத்தம் வந்த செய்தி எட்டிய இடம் ஒரு விருந்து வீடு என்று சுவாமி சாரதானந்தர் எழுதிய வரலாறு கூறுகிறது. அங்குக் கூடியிருந்த இளைஞர்களுள் நரேந்திரர் ஒருவர், பிற்காலத்து விவேகானந்தர். அப்போது அவர் சட்டம் பயின்றுவந்தார். தாம் வைத்திய நூல்களைப் பார்த்ததாகவும், வைத்திய நண்பர்களைக் கேட்டதாகவும், இத்தகைய தொண்டை நோய் நாளடைவில் புற்றாக மாறும் என்று அறிந்ததாகவும் அவர் நண்பர்களிடம் கவலையோடு சொன்னார். ஆக, அடியார்கள் நடுவே அந்தச் சொல்லை எடுத்தவர் ஒரு சட்ட மாணவர்.

நகரத்துக்கு அழைத்துவந்தால்தான் தக்க சிகிச்சை இயலும் என்று அடியார்கள் முடிவு செய்தனர். பாக்பஜாரில் பலராம் போஸ் இல்லத்தில் பரமஹம்ஸர் தங்கியிருந்தபோது, புகழ்பெற்ற கவிராஜர் கங்காபிரசாத் சேன் முதலியோர் வந்து பார்த்தனர். கவிராஜர் என்பது வங்காளத்தில் ஆயுர்வேத வைத்தியரைக் குறிக்கும் சொல். கங்காபிரசாதர் நோயாளியின் எதிரே ஒன்றும் கூறவில்லை. புறப்படும்போது அடியார் ஒருவர் தனியே கேட்க, இது 'ரோகிணி' என்னும் நோய், ஆங்கில வைத்தியர்கள் புற்று என்பது இதனையே, சாஸ்திரத்தில் சிகிச்சை சொல்லியிருப்பினும் குணமாவது அரிது என்று கூறிச் சென்றார்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். நோயாளியிடம் சொல்லாமல், தாழ்வாரத்தில் உறவினரிடம் சொல்லும் இவ்வழக்கத்தை நாம் நம் நாட்டு இரக்கத்தின் விளைவு என்று எண்ணுகிறோம். மேல்நாட்டார் முகத்துக்கு நேரே உரைத்துவிடுவர் என்றும் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு இல்லை. சரக சம்ஹிதை, சாவு நெருங்குவதை வைத்தியன் அறிந்தாலும், அதனைச் சொல்வது நோயாளிக்கோ பிறர்க்கோ கேடு செய்யுமாயின் சொல்லலாகாது என்று விதிக்கிறது. கங்காபிரசாதர் அந்த மரபில் வந்தவர். ஆங்கிலேயர் வழியோ எனில், 1803இல் தாமஸ் பெர்சிவல் என்னும் மான்செஸ்டர் வைத்தியர் எழுதிய வைத்திய ஒழுக்க நூலும் ஏறத்தாழ அதையே சொல்லிற்று. துயர முடிவை நோயாளியிடம் முன்கூட்டி உரைத்தல் வேண்டா; நண்பர்க்கும் உறவினர்க்கும் உரிய நேரத்தில் அறிவிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1847இல் அமெரிக்க வைத்தியச் சங்கம் வகுத்த விதிகளும் பெர்சிவலைப் பின்பற்றியவையே. 1835இல் தோன்றிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் மாணவனும், பரம்பரைக் கவிராஜனும் ஒரே தாழ்வாரத்தில் ஒரே தாழ்ந்த குரலில் பேசியதில் வியப்பில்லை. கிழக்கும் மேற்கும் வேறு எதில் மாறுபட்டாலும் இதில் மாறுபடவில்லை.

அதே ஆண்டுகளில் உலகின் வேறு இரு மூலைகளிலும் இதே நோய் இரு பெருந்தலைவர்களைப் பற்றியிருந்தது. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி கிராண்ட், 1884இல் தொண்டை வலி கண்டு, 1885 ஜூலை 23ஆம் நாள் புற்றுநோயால் இறந்தார். தமக்கு வந்தது இன்னதென்று அவர் ஓரளவு முன்னமே உணர்ந்துகொண்டார். வியாபார வீழ்ச்சியால் கடனில் மூழ்கியிருந்தவர் அவர். எஞ்சிய மாதங்களில் வலியோடு போராடித் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதி, இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் முடித்தார். அந்நூல் அவர் மனைவிக்கு ஏறத்தாழ நாலரை லட்சம் டாலர் ஈட்டித் தந்தது. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்குக்கு 1887இல் குரல் கம்மியது. ஜெர்மானிய வைத்தியர்கள் புற்று என்றனர். லண்டனிலிருந்து வந்த மக்கன்சி தசைத் துண்டை எடுத்து அனுப்ப, ஆராய்ந்த பேரறிஞர் விர்ஹோ அதில் புற்று இல்லை என்றார். மாதங்கள் கழிந்தன. நவம்பரில் நோய் ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது. அவர் பேரரசராகித் தொண்ணூற்றொன்பது நாட்களே ஆண்டு, 1888 ஜூன் 15ஆம் நாள் மறைந்தார். ஒருவர் அறிந்து தம் குடும்பத்துக்கு வழிசெய்தார். மற்றவர் வைத்தியர்களின் சண்டைக்கிடையே காலத்தை இழந்தார். எக்ஸ் கதிர் 1895இலும் ரேடியம் 1898இலும் கண்டறியப்பட்டன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1885இல் எந்த வைத்தியனிடமும் இந்நோய்க்குப் பயன்தரும் மருந்து இல்லை. அவனிடம் இருந்தவை சொல்லும், வருகையும், காலமுமே.

அந்த மூன்றையும் மகேந்திரலால் தாராளமாகக் கொடுத்தார். 1885 அக்டோபரில், பரமஹம்ஸர் சியாம்புகூர் வீதியில் வாடகை வீட்டுக்கு வந்தபின் அவர் அழைக்கப்பட்டார். முற்றிலும் புதியவராக வரவில்லை. தட்சிணேசுவர ஆலயத்தைக் கட்டிய ராணி ராஸ்மணியின் மருமகர் மதுர்நாதர் வாழ்ந்த காலத்தில் அவருடைய குடும்பத்தாருக்குச் சிகிச்சை செய்தவர் அவர். பரமஹம்ஸரை அப்போதே கண்டிருக்கிறார். முதல் நாள் கட்டணம் பெற்றுக்கொண்டார். அடியார்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டு இந்தச் சாதுவைக் காக்கிறார்கள் என்று அறிந்தபின் கட்டணத்தை மறுத்துவிட்டார். நாள்தோறும் மகேந்திரநாத் குப்தர் என்ற பள்ளி ஆசிரியர் வைத்தியர் வீட்டுக்கு நடந்து சென்று நோயின் நிலையைக் கூறிவருவார். அந்த ஆசிரியரின் நாட்குறிப்பே பிற்காலத்தில் 'கதாமிருதம்' என்னும் நூலாயிற்று. வைத்தியர் பெயரும் மகேந்திரர், தூதர் பெயரும் மகேந்திரர். நூலைப் புதிதாகப் படிப்பவர்கள் சிறிது தடுமாறுவதுண்டு.

அந்நூலில் நாம் காணும் சர்க்கார் ஒரு விசித்திர மனிதர். நோயாளியை அவதாரம் என்று கொண்டாடிய அடியார்களைக் கண்டிக்கிறார். நல்ல மனிதரைக் கெடுக்கிறீர்கள் என்கிறார். யாரோடும் பேசலாகாது என்று நோயாளிக்கு உத்தரவிடுகிறார், ஆனால் தம்மோடு மட்டும் பேசலாம் என்று விலக்கு அளித்துக்கொள்கிறார், சூழ்ந்திருந்தவர்கள் சிரிக்கிறார்கள். வந்தால் மணிக்கணக்கில் அமர்ந்துவிடுகிறார். நோயாளி சமாதியில் ஆழ்ந்தபோது மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சோதிக்கிறார். உடன் வந்த வேறொரு வைத்தியர் விழியை விரலால் தொட்டுப் பார்க்கிறார். ஒரு நாள் அவரே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: முன்னிரவு மழை பெய்ததாம்; பின்னிரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டவர், பரமஹம்ஸரின் அறைக் கதவு சாளரங்கள் மூடியிருக்கின்றனவோ இல்லையோ என்று கவலைப்பட்டுக் கிடந்தாராம். எத்தனை வைத்தியர்கள் இவ்வாறு விழித்திருப்பர்!

இனி நோயாளியைப் பார்ப்போம். தமக்கு என்ன நேர்கிறது என்பதை அவர் அறிந்திருந்தாரா? அன்னை சாரதாதேவியாரிடம் அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே சில அடையாளங்களைச் சொல்லியிருந்தார். யார் கையிலும் வாங்கி உண்ணத் தொடங்கினால், கல்கத்தாவில் இரவு தங்கத் தொடங்கினால், தம் உணவில் ஒரு பகுதியை முதலில் பிறர்க்குக் கொடுத்து எஞ்சியதைத் தாம் உண்டால், இறுதி அணுகிற்று என்று கொள்க என்றாராம். 1885இல் அவ்வடையாளங்கள் ஒவ்வொன்றாக நிகழ்வதை அன்னையார் வாய்திறவாமல் கண்டுகொண்டிருந்தார். வைத்தியர்கள் தாழ்வாரத்தில் மெல்லப் பேசியதை, சமையல் அறையில் இருந்த அந்த அம்மையார் அவர்களுக்கு முன்பே அறிந்திருந்தார் எனலாம்.

ஆயினும் நோயாளி என்பவன் எல்லா நேரமும் ஞானியாகவே இருப்பதில்லை. 1885 டிசம்பர் 11ஆம் நாள் அவர் காசிப்பூர்த் தோட்ட வீட்டுக்கு மாற்றப்பட்டார். மாத வாடகை எண்பது ரூபாய்; அதனை ஓர் இல்லற அடியார் ஏற்றார். அங்கு வந்து பன்னிரண்டு நாட்கள் சென்றபின், பள்ளி ஆசிரியரைப் பார்த்து, இந்நோய் தீர எவ்வளவு காலம் ஆகும் என்று அவர் கேட்டார். ஆசிரியர் நழுவிப் பார்த்தார். மீண்டும் கேட்கவே, ஐந்தாறு மாதம் ஆகலாம் என்றார். அவ்வளவு காலமா என்று பரமஹம்ஸர் குழந்தைபோல் பதறினார்; முற்றிலும் குணமடைவதற்குத்தான் அவ்வளவு காலம் என்று ஆசிரியர் சமாளித்தார். கதாமிருதத்தில் எத்தனையோ தத்துவப் பகுதிகள் உள்ளன. எனக்கு அந்த நான்கு வரிகளே அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. அன்பு மிகுந்த ஒருவர், தாம் குருவாகக் கொண்டவரிடமே, உண்மை அல்லாத ஒரு கணக்கைச் சொல்ல நேர்ந்தது. அந்த ஐந்தாறு மாதம் கழிந்து இரண்டு மாதத்துக்குள் நோயாளி இல்லை.

வெளிப்படையாகப் பேசப்படாத நோயைப் பற்றி வதந்தி எழுவது இயல்பு. காசிப்பூரிலும் எழுந்தது. இது தொற்றும் என்ற அச்சம் பணிவிடை செய்தோரிடையே பரவிற்று. நோயாளி உண்டு மிச்சம் வைத்த கஞ்சிக் கிண்ணத்தை நரேந்திரர் அவர்கள் எதிரே எடுத்துக் குடித்து அவ்வச்சத்தைப் போக்கினார் என்று வரலாற்று நூல்கள் கூறும். முதலில் நோயின் பெயரைச் சொன்னவரே அதன் அச்சத்தையும் நீக்கினார். இரவு பகல் பாராது அங்குத் தொண்டு செய்த இளைஞர்களுள் சசி என்பவரை நாம் தனியே குறிப்பிட வேண்டும். அவரே 1897இல் சென்னைக்கு வந்து இராமகிருஷ்ண மடத்தை நிறுவிய சுவாமி ராமகிருஷ்ணானந்தர். மயிலாப்பூர் மடத்துக்குச் சென்று வணங்கும் நம்மவர் பலர், அந்த மடத்தின் முதல் தலைவர் புற்றுநோயாளி ஒருவருக்கு மாதக்கணக்கில் விசிறி வீசியவர் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை.

காசிப்பூரில் இராஜேந்திரலால் தத்தரும் மருந்து கொடுத்தார். மகேந்திரலாலை ஹோமியோபதிக்கு இழுத்தவர் இவரே என்பதை முன்னர்க் கண்டோம். பயன் ஒன்றும் இல்லை. 1886 ஆகஸ்டு 16ஆம் நாள் பின்னிரவு ஒரு மணிக்குப் பரமஹம்ஸர் மறைந்தார். அன்று பிற்பகல் மகேந்திரலால் வந்தார். உயிர் பிரிந்துவிட்டதை உறுதி செய்தார். ஒரு புகைப்படம் எடுத்துவைக்கும்படி கூறி, அதன் செலவுக்குத் தம் பங்காகப் பத்து ரூபாய் கொடுத்துச் சென்றார். அந்தப் படம் இன்றும் உள்ளது. தோட்ட வீடு 1946இல் மடத்துக்கு வந்தது, சென்று காணலாம்.

அதன் பின்னர்க் காலம் மாறியது. காளிகாட்டுக்கு அருகே, தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பெயரால் அமைந்த புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2ஆம் நாள், ரேடியம் கண்ட கியூரி அம்மையாரின் மகள் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்துவைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. சிகிச்சை வந்துவிட்டதால் சொல்லும் கடமையும் வந்துவிட்டது. கதிர்ச் சிகிச்சைக்கு வந்து நிற்பவனிடம் தொண்டைப் புண் என்று எத்தனை நாள் கூற முடியும்? ஆயினும் வழக்கம் உடனே மாறவில்லை. 1961இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் வைத்தியர்களைக் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோயாளியிடம் உண்மையைச் சொல்ல விரும்பவில்லை என்றனர். 1979இல் அமெரிக்காவில் அதே வினாக்களை மீண்டும் எழுப்பியபோது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு தொழில் முழுவதும் திரும்பி நின்றது. நம் நாட்டு மருத்துவக் குழு 2002இல் வெளியிட்ட ஒழுக்க விதி, நோயின் கடுமையை மிகைப்படுத்தவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா என்கிறது. ஆனால் அறிய வேண்டியவர் யார் என்னுமிடத்தில் நோயாளி, அவர் உறவினர், பொறுப்புள்ள நண்பர் என்று எல்லோரையும் ஒரே வரிசையில் அமர்த்துகிறது. அந்தத் தாழ்வாரம் இன்னும் இடிக்கப்படவில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. வைத்தியர் பேசுவது ஒரு மொழி, வீட்டுப் பெரியவர் அறிந்தது வேறொரு மொழி. நடுவே மொழிபெயர்ப்பவர் மகனோ மருமகளோ. ஹௌராவில் ஏறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் மருத்துவமனைக்குச் செல்லும் வங்காளக் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். அங்கு மொழி தெரியாதவர்கள் அவர்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், லேக் மார்க்கெட் அருகே எங்கள் தெருவில் கும்பகோணத்துப் பாட்டி ஒருவர் இருந்தார். மகன் வெளியூர் சென்றிருந்த நாளில் அவரை அழைத்துக்கொண்டு அந்தத் தெருவின் குடும்ப வைத்தியரிடம் நான் சென்றேன். பரிசோதனை முடிவைப் படித்த வைத்தியர் நெடுநேரம் வங்காளியில் விளக்கினார். நான் பாட்டியைத் திரும்பிப் பார்த்து, "வயித்துலே புண்ணாம் பாட்டி, மருந்து தருவாராம்" என்றேன். பாட்டி என்னையே பார்த்தார்.

"ஏண்டாப்பா, அவர் அத்தனை நாழி சொன்னாரே, நீ ரெண்டே வார்த்தையிலே முடிச்சுட்டியே?"

என்னால் விடை சொல்ல இயலவில்லை. வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிடினும் அந்தக் கேள்வி புரிந்திருக்க வேண்டும். மறுநாள் மாலை அவரே பாட்டியின் வீட்டுக்கு வந்தார். கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலும் பாட்டிக்குத் தெரிந்த கடைத்தெரு வங்காளியிலுமாகச் சிறிது சிறிதாகச் சொன்னார். நான் வாயிற்படியில் நின்றேன். என் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பாட்டி நோயின் பெயரைக் கேட்கவில்லை. ஊருக்குப் போய்ப் பெண்ணையும் பேரக்குழந்தைகளையும் பார்த்துவர உடம்பு தாங்குமா என்று மட்டும் கேட்டார். தாங்கும், ஆனால் தாமதம் வேண்டா என்றார் வைத்தியர். அடுத்த வாரம் அவருடைய மகனும் நானும் ஹௌராவில் அவரை ரயிலேற்றிவிட்டோம்.